அய்யா வாசித்த நீலத்திரை

தம்பி,

நேற்றுக் காலையில் மருமகள் போன் செய்தாள். உனக்கு வேலை போய்விட்டதாம். போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். நீ அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயாம், பேத்தி வந்து காலைக் கட்டிக்கொண்டாலும் தூக்குவதில்லையாம். “அத்தை, நீங்களாவது பேசிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உன்னிடம் போனை நீட்டியிருக்கிறாள். “இந்தாங்க, அம்மா” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனை வாங்காமல் இருந்துவிடலாம். வீடு தேடி வந்த காகிதத்தை என்றைக்காவது ஒருநாள் பிரித்துத்தானே ஆக வேண்டும்.

வேலை போய்விட்டது என்று கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்றுதான் வந்தது. உங்கய்யா எதைக் காப்பாற்ற வேண்டுமென்று உன் கண்ணில் படாமல் செத்தாரோ, அது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. போன மாசியில் நீ இங்கே வந்து நின்றபோது உன்னிடம் நான் ஒன்றையும் சொல்லவில்லை. நீயும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், அதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் மனத்தை ஆற்றுவதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஆற்றுகிற மாதிரி என்னிடம் எதுவும் மிச்சமில்லை. நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பேத்தி பிறந்த வருஷம் நீ ஊருக்கு வந்து, மிளகாய் மூட்டை அடுக்குகிற அறையை ஒழித்து, அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொடுத்துவிட்டுப் போனாய். அந்த அறையில் நெடி எப்போதும் போகாது. நாங்கள் இரண்டு பேரும் தும்மித் தும்மித்தான் பேத்தியைப் பார்ப்போம். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, உனக்கு சனிக்கிழமை ராத்திரி. எனக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. உங்கய்யா பழைய எஸ்.எஸ்.எல்.சி. என்பதால் மவுஸ் அவர் கையில்தான். ஒருநாள் என்னையும் பிடிக்கச் சொன்னார். அம்பை எங்கே கொண்டுபோக வேண்டும், எங்கே அழுத்தினால் உனக்கு மணி அடிக்கும் என்று படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அவ்வளவு பொறுமை உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் சின்ன வயதில் அவரிடம் அது இருந்ததில்லை.

அது கெட்டுப்போன நாள் உனக்கு நினைவிருக்கும். ஐப்பசி மாதம். வைரஸ் ஏதோ பரவுகிறது, பாதுகாப்புக்கு ஒரு அப்டேட் வந்திருக்கிறது, கீழே மஞ்சளாக ஒரு கேடயம் தெரிந்தால் அதை அழுத்திச் சரி என்று சொல்லுங்கள் என்று நீ போனில் சொன்னாய். உங்கய்யா அழுத்தினார். வேலை நடந்துகொண்டிருக்கிறது, அணைத்துவிடாதே என்று திரையில் போட்டிருந்ததாம். எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த வருஷம்தான் கரண்டு நினைத்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்ததே. அன்றைக்கும் போனது. யுபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சுக்கீச்சென்று கத்தியது, பிறகு அதுவும் வாயை மூடிக்கொண்டது. சாயங்காலம் கரண்டு வந்து மறுபடி போட்டால் படம் தலைகாட்டும், நீலமாக ஒரு திரை வந்து போகும், கறுப்பாகும், திரும்பவும் முதலிலிருந்து. வாசல் வரை வந்து வந்து திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி அது ராத்திரி வரை செய்துகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் போனில் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தீர்கள். நீ பேசுவது எனக்கும் கேட்கட்டும் என்று அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“அய்யா, இப்ப என்ன தெரியுது?”

“கறுப்பாக் கெடக்குப்பா. இந்தா, வருது, வருது. போச்சு.”

“ஆன் பண்ணுன உடனே எஃப் எட்டு இருக்குல்ல, மேல வரிசையில, அதைத் தட்டிக்கிட்டே இருங்க. விடக் கூடாது.”

அவர் உலக்கை போடுகிற மாதிரி போட்டார். உனக்கு அங்கே கேட்டிருக்கிறது. “மெதுவாய்யா, கட்டைய உடைச்சுப்புடாதீங்க” என்று சிரித்தாய். சேஃப் மோடு என்று ஒரு வழி சொன்னாய், அதுவும் ஏறவில்லை. தானாக அணையாமல் நீலத்திரையை நிறுத்தி வைக்க ஒரு வழி சொன்னாய். நின்றது. “அதுல உள்ளத அப்புடியே வாசிங்க” என்றாய். உங்கய்யா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, “எஸ், டி, ஓ, பி. ரெண்டு புள்ளி. சைபர், எக்ஸு, சைபர், சைபர்...” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக ஒப்பித்தார். நீ அங்கே எழுதிக்கொண்டாய். காலேஜுக்குப் போன பிறகு நீயும் அவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் பார்த்ததில்லை. பேத்தியைப் பார்க்க முடியவில்லையே என்ற குறையையும் மீறி, இது இன்னும் ரெண்டு வாரம் இப்படியே கெட்டுக் கிடக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த மனசுக்குப் பிறகு நன்றாகக் கிடைத்தது.

அந்த நாட்களிலேயே அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதுகில் குத்துகிறது என்பார். செடிக்கு மருந்து அடித்த களைப்பு என்பார். இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டார். கண்ணில் மஞ்சள் ஏறியதைப் பார்த்த பிறகு நான் சண்டை போட்டு மதுரைக்குக் கூட்டிப்போனேன். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்த்திபனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அவன்ட்ட சொல்லாத.”

“பெத்த பிள்ளைகிட்டச் சொல்லாம?”

“அவன் என்ன சொன்னான், கேட்டேல்ல? ஆபீசுல ஆளுகளக் கொத்துக்கொத்தா அனுப்புறாங்களாம். இப்பப் போயி லீவு கேட்டா அதையே சாக்கா வச்சு இவனையும் அனுப்பிருவாங்க. வேல போனா விசாவும் போச்சு. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கன போவான்?”

அது நீ சொன்ன பேச்சுதான், தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில் சொன்னாய். அவர் அதை ஒரு கட்டளை மாதிரி பிடித்துக்கொண்டார். உன் மேல் பழி போட இதை எழுதவில்லை. வீட்டுக் கவலையைப் பிள்ளை அப்பனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லும்? நீ சொன்னது சரி. நீ சொன்னாய், அவர் சொல்லவில்லை, அதுதான் வித்தியாசம். நீ ஐந்தாவது படிக்கும்போது கண்மாய்க்கரைப் புளியமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு, அடிப்பாரே என்று பயந்து பொழுது சாய்கிற வரை சட்டைக்குள் மறைத்துவைத்திருந்தாய். அன்றைக்கு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கமுதி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, “வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும்ல, ஏலே” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்த மனுஷருக்குத் தனக்கென்று வந்தபோது தெரியவில்லை.

அப்போதும் கம்ப்யூட்டர் நிஜமாகவே கெட்டுத்தான் கிடந்தது. நீ சொன்னதெல்லாம் செய்து பார்த்தும் ஏறாததால், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருக்கிற சாகுலைக் கூப்பிடச் சொன்னாய். பேத்தியின் படங்கள் உள்ளே இருக்கின்றன, எதையும் அழித்துவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள் என்றாய். நல்ல பையன், கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு வண்டியில் வந்தான். நான் அப்போது மிளகாய்க் காட்டில் களை எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து கால் கழுவும்போது அந்த அறையிலிருந்து, கம்ப்யூட்டர் எழும்பும்போது ஒரு பாட்டு வருமே, அது கேட்டது. ஈரக்காலோடு ஓடினேன்.

“வந்துருச்சா? பாப்பாவப் பாக்கலாமா?”

சாகுலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாதியில் நின்றுபோன அப்டேட்டைக் கழற்றி எடுத்துவிட்டு முழுதாகப் போட்டிருக்கிறேன், படம் ஒன்றுகூடப் போகவில்லை, யுபிஎஸ்ஸுக்கும் புது பேட்டரி மாட்டிவிட்டேன் என்றான். “காமிராவும் ஓடுதும்மா, இந்தா பாருங்க” என்று திரையைக் காட்டினான். அதில் உங்கய்யா இருந்தார். காமிராவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் முகம் அப்படியே திரையில் தெரிந்தது. தினமும் பார்க்கிற எனக்கே பகீரென்றது. கன்னம் இரண்டும் உள்ளே போய், பல் மட்டும் பெரிதாகி, கழுத்தில் நரம்பு தனித்தனியாக நின்றது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அணைச்சுருப்பா, சாகுல்” என்றார்.

“நல்லா ஓடுதுய்யா. அண்ணனுக்கு ஒரு கால் போட்டுக் காட்டிட்டுப் போறேன்.”

“அணைன்னு சொல்றேன்ல. அவன் உனக்குப் போன் போட்டா, இன்னும் பாக்கலைன்னு சொல்லு.”

சாகுல் என் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையில் இருந்த முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. அணைத்துவிட்டு, நான் போட்ட டீயைக் குடிக்காமலே கிளம்பினான். அவன் வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. எனக்கும்தான் பேத்தி, எனக்கும்தான் மகன், நீங்கள் ஒருத்தர் போவதற்கு எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டுப் போக வேண்டுமா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. “இந்த மூஞ்சியப் பாத்தாமுன்னா அடுத்த பிளைட்டுல நிப்பான்” என்றார். “குரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு. குரல வச்சு ஓட்டிருவேன். நீ மட்டும் குறுக்க வராத.” நான் குறுக்கே வரவில்லை. அவருக்குப் பயந்து இல்லை. கைப்பிள்ளையோடு நீங்கள் அந்தக் குளிரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்கும் ஒரு படம் மனத்தில் வந்துவிட்டது. அதற்குப் பயந்து அவரோடு சேர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் நினைக்கவே முடியவில்லை. கம்ப்யூட்டர் அணைந்தே இருக்கும். அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் தலையணையை வைத்து வயிற்றை அழுத்திக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போடுவார். நீ எஃப் எட்டைத் தட்டச் சொல்வாய். அவர் நிஜமாகவே தட்டுவார். சத்தம் உனக்குக் கேட்க வேண்டுமே. நீ திரையை வாசிக்கச் சொல்வாய். அந்த நீலத்திரை எழுத்துகள் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. கறுத்துக் கிடக்கிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, “எஸ், டி, ஓ, பி” என்று ஆரம்பிப்பார். நீ புதிதாக ஏதாவது செய்யச் சொன்னால் புதிதாக ஒரு நம்பரை உண்டாக்கிச் சொல்வார். “இப்புடி ஒரு நம்பரே எங்கயும் இல்லையேய்யா” என்று நீ திகைப்பாய். இருக்கட்டும், தேடிப் பார்க்கிறேன் என்பாய். நாள் முழுதும் ஆபீசில் அல்லாடிவிட்டு, இல்லாத ஒரு நம்பரை ராத்திரியெல்லாம் நீ தேடிக்கொண்டிருக்கிறாய் என்று இங்கே எங்கள் இருவருக்கும் தெரியும். சாகுலை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று கேட்பாய். அவன் வருகிறேன் வருகிறேன் என்கிறான் என்பார்.

மார்கழியில் ஒருநாள் நீ சொன்னாய்: “எம்மேலதான்யா தப்பு. கரண்டு போற நேரம்னு தெரிஞ்சும் அப்டேட் போடச் சொன்னேன். ஊர்ல உள்ளவன் சிஸ்டத்தையெல்லாம் பாக்குறேன், எங்கய்யா சிஸ்டத்தச் சரிபண்ண முடியல.” அவர் உள்ளங்கையால் போனை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் மட்டும் வரவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு, “அட விடப்பா, கெட்ட மிசினு. பாப்பா என்ன பண்ணுது?” என்றார். பேத்தி எழுந்து நடக்கிறாள், நாலு எட்டு வைத்துப் பொத்தென்று விழுகிறாள் என்று நீ சொன்னாய். அவள் முதன்முதலில் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்கிற பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் நல்லபடியாகத்தான் இருந்தது. அதற்கு நான் தினமும் தூசி துடைத்தேன்.

அவர் போன செய்தி கேட்டு நீ வந்து சேருகிற வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நீ காரிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடி மேல் குனிந்தாய். குனிந்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “அம்மா, இது யாரு?” என்று கேட்டாய். துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் எல்லாம் ஒப்பாரியை விட்டுவிட்டு உன்னைப் பிடித்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், நீ நிதானமாகத்தான் கேட்டாய் என்று. ராமேஸ்வரத்தில் கடலில் இறங்கிச் சாம்பலைக் கரைத்துவிட்டு வேனில் வரும்போது பாம்பன் பாலம் தாண்டுகிற வரை உன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நீ துடைக்கவில்லை. கருமாதிக்குப் படம் வைக்க வேண்டும், நல்ல படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, டிஸ்க்கைக் கழற்றியாவது எடுத்துவிடுகிறேன் என்று ஸ்குரூடிரைவரோடு அந்த அறைக்குள் போனாய். கழற்றுவதற்கு முன் ஒருதடவை போட்டுப் பார்த்தாய் போலிருக்கிறது. அந்தப் பாட்டு கேட்டது. நான் அடுப்படியிலிருந்து வந்தபோது நீ ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாய்.

“இது எப்பருந்தும்மா ஓடுது?”

“தெரியாதுப்பா” என்றேன்.

நீ அதற்கு மேல் கேட்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் கிளம்பிப் போனாய். போய்ச் சேர்ந்தேன் என்று சொன்னாய். அதன் பிறகு உன் குரலை நான் சரியாகக் கேட்கவில்லை.

எப்போதிருந்து ஓடியது என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நேற்றிலிருந்து பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். அங்கே உன் கம்ப்யூட்டரில் அதற்கு அடையாளம் இருந்திருக்கும். அவசரமாகக் கிளம்பியதில் நீ பார்க்காமல் போயிருக்கலாம். பார்த்துவிட்டுத்தான் இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயோ என்றும் தோன்றுகிறது. நல்லது என்று நினைத்து மறைத்தது இந்த வீட்டில் போதும். நீயும் உன் பிள்ளையிடம் எதையும் மறைக்காதே. அவள் சின்னவள்தான். ஆனாலும் அப்பா ஏன் தூக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். தனக்குப் புரிந்த வரை புரிந்துகொள்வாள்.

அவர் போவதற்கு முந்தைய நாள், மத்தியானம். களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு போனபோது, “அந்தக் கம்ப்யூட்டரப் போடு” என்றார். என்னால் நம்ப முடியவில்லை. “அவன் என்னப் பாக்கட்டும், போடு” என்றார். பெட்டியிலிருந்து நீ வாங்கிக்கொடுத்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். அது அவர் மேல் கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிவிட்டு, தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்டும் இருந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடி உன் படத்தைத் தேடி அழுத்தினேன். மணி அடித்தது. உனக்கு அங்கே நடுச்சாமம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் அடிக்கவிட்டோம். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

“போன்ல கூப்புட்டு எழுப்பட்டா?” என்றேன்.

“வேணாம். பாப்பா முழிச்சுக்கிரும்.”

“ஒரு நாளைக்கு முழிச்சா முழிக்கட்டும்ங்க.”

“தூங்கட்டும். காலையில பாப்போம்.”

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து, பேத்தியை நீ தூக்கி வைத்திருக்கிற உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிடச் சொன்னார். கழற்றினால் திரும்பப் போடுவது கஷ்டம், காலையில் வேண்டுமே, இருக்கட்டும் என்றேன். கசங்கிவிடும், கழற்று என்றார். கழற்றி மடித்து, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்தேன்.

காலைவரை அவர் இருக்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தம்பி. எனக்கும் இதையெல்லாம் சொல்ல உன்னைவிட்டால் வேறு ஆள் இல்லை. அடுத்த தடவை மருமகள் போனை நீட்டினால் வாங்கிக்கொள். பேச வேண்டாம். வைத்துவிடாமல் பிடித்துக்கொண்டிரு.

அம்மா